உத்தனப்பள்ளிச் சாலையும் முப்பதாம் நாளும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கடந்தால் உத்தனப்பள்ளி வரும். சூளகிரிக்கும் கெலமங்கலத்துக்கும் பிரியும் பாதைகள் கூடுமிடம் அது. தேநீர்க் கடைகள், உரக்கடை, தக்காளிப் பெட்டிகள் அடுக்கிய சிறு லாரிகள், பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள்: வழிப்போக்கர் கண்ணுக்கு அவ்வளவே. ஆயின் அக்கூட்டுரோட்டில் கால்மணி நேரம் நின்று செவிகொடுப்போர் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளையும் ஒரே உரையாடலில் கேட்பர். விலையைத் தெலுங்கில் சொல்லி, பேரத்தைத் தமிழில் முடித்து, பேரப்பிள்ளையைக் கன்னடத்தில் அதட்டும் முதியோரை நாம் அங்கே கண்டதுண்டு.

மண் செம்மண். மழையை நம்பிய மேட்டில் கேழ்வரகு. கிணற்று நீர் பாயுமிடத்தில் தக்காளியும் முட்டைக்கோசும். இடையிடையே ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பசுமைக்குடில்கள். 1970களில் ஓசூரில் தோன்றிய சிப்காட் தொழிற்பேட்டை நாளடைவில் விரிந்து, இன்று இவ்வூர்களின் வாசல் வரை வந்து நிற்கின்றது. புதிய தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து உத்தனப்பள்ளி, அயர்ணப்பள்ளி, நாகமங்கலம் உழவர்கள் 2023 இல் போராட்டம் நடத்தியதை வாசகர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். விடியற்காலையில் இச்சாலையில் ஒரு புறம் தக்காளி வண்டிகளும், மறுபுறம் இளம்பெண்களை ஏற்றிச்செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகளும் எதிரெதிரே விரையும் காட்சி, இப்பகுதி வாழ்க்கை எத்திசையில் திரும்புகின்றது என்பதைச் சொல்லாமற் சொல்லும்.

இச்சாலையில் நாம் பலமுறை சென்றுள்ளோம். அவற்றுள் பெரும்பாலானவை நோயாளர் சந்திப்புக்கும் அடக்கத்துக்கும் திருமணத்துக்கும் சென்ற வழக்கமான பயணங்கள். ஆயின் ஒரு பயணம் மட்டும், அதற்கு முன் நாம் பாராதிருந்த ஒன்றைப் பார்க்கச் செய்தது. அதனைக் குடும்பங்களுக்குச் சொல்வது நம் கடமை எனக் கருதியே இதனை எழுதுகின்றோம்.

கையளவு பிள்ளை

உத்தனப்பள்ளியை அடுத்த ஒரு சிற்றூரில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் உண்டு. கணவர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவி எல்லைக்கு அப்பால் மாலூர்ப் பக்கத்துப் பெண். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் நாட்டு வழக்கம். ஆயினும் அவர் தாய்வீடு புறப்படுவதற்கு முன்னரே, ஒரு டிசம்பர் மாத இரவில், முப்பதாம் வாரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. எடை 1,280 கிராம். ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைவிடச் சற்றே கனம்!

நம்மை அழைத்தனர். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்த அச்சிறு உயிருக்கு, ஊசியில்லாச் சிறு பீச்சுக்குழலில் எடுத்த நீரைத் துளித்துளியாக நெற்றியில் விட்டு ஆபத்து வேளைத் திருமுழுக்கு அளித்தோம். அப்பிள்ளையின் விரல் நம் சுண்டுவிரல் நகத்தின் அளவே இருந்தது. மூக்கில் பிராணவாயு சென்றுகொண்டிருந்தது. அது பிழைக்குமா என்பதே அன்று எல்லோர் உள்ளத்திலும் இருந்த ஒரே கேள்வி.

பிள்ளை பிழைத்தது. இருபத்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினர். மறுநாள் நாம் நலம் விசாரிக்கச் சென்றபோது, பாட்டியார் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து மருத்துவமனைச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"சாமி, இதுல மருந்தெல்லாம் எழுதியிருக்காங்க. கடைசியில என்னமோ ஒரு வரி இருக்குது. அது மருந்தா, வேறயான்னு தெரியல. கொஞ்சம் பாருங்க."

பார்த்தோம். நான்காம் வாரத்தில் கண் பரிசோதனை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும், அதன் அருகே மூன்று எழுத்துகளும் இருந்தன: ஆர்.ஓ.பி. அதன் பொருள் நமக்கும் விளங்கவில்லை. "பிள்ளை கண்ணை நன்றாகத்தானே திறந்து பார்க்கிறது, அவசரமில்லை" என்று சொல்ல நாவெடுத்தோம். சொல்லாமல் விட்டது இறைவன் அருள் என்றே இன்றும் எண்ணுகின்றோம். செவிலியராகப் பல்லாண்டு பணிபுரிந்த ஓர் அருட்சகோதரியைத் தொலைபேசியில் அழைத்து அவ்வரியை வாசித்துக் காட்டினோம். மறுமுனையில் அவர் கேட்ட முதற் கேள்வி, "பிள்ளைக்கு இன்று எத்தனையாம் நாள், சாமி?" என்பதே. இருபத்தைந்து என்றோம். "அப்படியானால் இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது, நாளைக்கென்று தள்ள வேண்டாம்" என்றார்.

கண்ணுக்குள் நிகழ்வது

அச்சகோதரியும், பின்னர் மருத்துவர்களும் விளக்கியதை நம் மொழியில் சொல்வோம். கண்ணின் பின்புறத்தில் ஒளியை வாங்கும் மெல்லிய படலம் விழித்திரை. கருவில் ஏறத்தாழ பதினாறாம் வாரத்தில் அதன் நடுப்பகுதியிலிருந்து இரத்தக்குழாய்கள் புறப்பட்டு ஓரத்தை நோக்கி வளரத் தொடங்குகின்றன. அவை கடைசி ஓரத்தைச் சென்றடைவது நாற்பதாம் வாரத்தை ஒட்டியே. ஏரியிலிருந்து புறப்பட்ட வாய்க்கால் கடைமடை சேர்வதற்கு முன்பே மடையை அடைத்தது போல, குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அவ்வளர்ச்சி பாதியில் நிற்கின்றது.

வெளியுலகக் காற்றும், சிகிச்சைக்காகத் தரும் கூடுதல் பிராணவாயுவும் தொடக்கத்தில் அவ்வளர்ச்சியை அடக்கிவைக்கின்றன. சில வாரங்கள் சென்றபின், இரத்தம் சேராத ஓரப்பகுதி தவித்து, "எனக்கு உணவு அனுப்பு" என்று இரசாயன முறையில் கூவுகின்றது. அக்கூவலுக்கு விடையாக வருபவை ஒழுங்கான குழாய்கள் அல்ல. தாறுமாறாகக் கிளைக்கும், எளிதிற் கசியும் குழாய்கள். அவை தழும்பாகச் சுருங்கி விழித்திரையைப் பற்றியிழுக்கும். இழுப்பு மிகுந்தால் விழித்திரை பெயர்ந்துவிடும். பெயர்ந்தபின் பார்வையை மீட்பது மிக அரிது.

இவையனைத்தும் நிகழும்போது பிள்ளையின் கண் வெளித்தோற்றத்தில் அழகாகவே இருக்கும். சிவக்காது, நீர் வடியாது. தாய் எவ்வளவு உற்று நோக்கினும் அறிய முடியாது. கண்மணி வெண்மையாகத் தோன்றி வீட்டார் ஐயுறும் காலத்தில் எல்லாம் முடிந்திருக்கும். ஆதலின்தான் கண் மருத்துவர் நாட்கணக்கைப் பற்றிக்கொள்கின்றனர். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளும், பிறந்த எடை 2,000 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளும் முப்பதாம் நாளுக்குள் முதற் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 1,200 கிராமுக்குக் குறைந்த மிகச் சிறு பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். சற்றே பெரிய பிள்ளையாயினும், கடும் நோயுற்றுப் பிராணவாயுவில் இருந்திருந்தால் மருத்துவர் அதற்கும் பரிசோதனை சொல்வார். 'ஒளியின் முப்பது நாள்' என்று பொருள்படும் ஓர் இந்தி வாசகத்தை ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் பரப்பி வருகின்றனர். அவ்வாசகத்துள் மருத்துவம் முழுதும் அடங்கியுள்ளது.

நாம் கேளாத கேள்வி

சகோதரி இதனைச் சொல்லி முடித்தபோது, நமக்கு வேறொரு வீட்டின் நினைவு வந்தது. நம் பங்கிலேயே ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கின்றான். அவனும் குறைமாதத்தில் பிறந்தவன். அவனுக்கும் மருத்துவமனையில் நாமே திருமுழுக்கு அளித்தோம். அவன் பிழைத்து வீடு வந்தபோது நன்றித் திருப்பலி நிறைவேற்றி, வந்தோர்க்கெல்லாம் இனிப்பு வழங்கக் கண்டு மகிழ்ந்தோம். அவன் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டோமில்லை. தாயும் பிள்ளையும் தாய்வீட்டுக்குச் சென்று நான்கு மாதம் தங்கினர். திரும்பி வந்தபோது அவன் எதையும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை.

இப்பயணத்துக்குப் பின் அவ்வீட்டுக்குச் சென்றோம். அவன் தாய் சொன்ன சொல் இது: "புள்ள பொழச்சதே பெருசுன்னு இருந்துட்டோம், சாமி. இன்னும் ஒண்ணு இருக்குதுன்னு யாரும் சொல்லல."

அச்சிறுவன் அறிவுள்ளவன். நம் வண்டியின் ஒலியை வைத்தே நம்மை அறிந்து வாசலுக்கு வருவான். புள்ளி எழுத்துகளை விரலால் தடவி வாசிக்கக் கற்று வருகின்றான். கணக்கில் அண்ணனையும் மிஞ்சுகின்றான். அவனைப் பற்றி இரக்கச் சொற்கள் எழுத நமக்கு விருப்பமில்லை. ஆயின் 'யாரும் சொல்லல' என்ற அச்சொல்லில் நாமும் அடக்கம் என்பதை மறைத்தல் தகாது.

சானமாவுக் காட்டில் ஒரு காத்திருப்பு

இருபத்தேழாம் நாள் காலை. பங்கு இளைஞர் ஒருவரின் வேனில் புறப்பட்டோம். தாய் பிள்ளையைத் தன் மார்போடு அணைத்துத் துணியால் கட்டிக்கொண்டார். குளிருக்கு அதனினும் நல்ல போர்வை இல்லை என்று மருத்துவமனையில் கற்றுத்தந்திருந்தனர். பாட்டியார் பாலாடையும் துணிப்பையுமாகப் பின்னால் அமர்ந்தார். பத்து மணிக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருந்த கண் மருத்துவமனை, எல்லை தாண்டிப் பெங்களூருச் சாலையில் இருந்தது.

உத்தனப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையில் இச்சாலை சானமாவுக் காட்டை ஊடறுத்துச் செல்கின்றது. கேழ்வரகு முற்றும் காலத்தில் காவிரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இக்காட்டுக்கு வந்து தங்குவது ஆண்டுதோறும் நிகழ்வது. பகலில் காட்டில் நின்று, இரவில் வயலில் இறங்கும். அன்று காலை கூட்டம் சாலையோரத்தில் நின்றதால் வனத்துறையினர் வண்டிகளை நிறுத்திவிட்டனர். தக்காளி லாரி, தொழிற்சாலைப் பேருந்து, பால் வண்டி, நம் வேன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அருகே நின்ற ஓர் உழவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "காட்டோரத்து நாலு வரிசை போயிடும், ஐயா. அது யானைக்குத்தான். நடுவுல இருக்கிறதக் காப்பாத்தினாப் போதும்" என்றார். அச்சொல்லின் பொருள் சில நாட்களுக்குப் பின் வேறொரு வகையில் நமக்கு விளங்கவிருந்தது.

வழி திறந்தது. ஓசூரைக் கடந்து அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடி தாண்டியவுடன் பெயர்ப்பலகைகள் கன்னடத்துக்கு மாறின. அதுவரை வாய் திறவாதிருந்த இளந்தாய் அப்பலகைகளைச் சத்தமிட்டு வாசித்துக் கணவருக்குப் பொருள் சொல்லத் தொடங்கினார். தம் மொழி வந்ததும் அவர் அச்சம் சற்றுத் தணிந்தது போலும்.

தலைவிளக்கும் சிறு கண்ணும்

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை மும்முறை இட்டு, ஒரு மணி நேரம் காக்கவைத்தனர். பரிசோதனைக்குச் சற்று முன் பால் கொடுக்க வேண்டாம் என்றனர். பின்பு, தலையில் விளக்குப் பூட்டிய மருத்துவர், இமைகளை விலக்கி நிறுத்தும் சிறு கம்பியைப் பொருத்தி, கையில் ஒரு வில்லையைப் பிடித்து உள்ளே நோக்கினார். பிள்ளை வீறிட்டது. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில நிமிடங்களே, ஆயின் நீண்டதாகத் தோன்றியது.

"குழாய்கள் இன்னும் ஓரம் சேரவில்லை. நோய் தொடங்கும் அறிகுறி இருக்கிறது. இன்று ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்த வாரம் கட்டாயம் வாருங்கள்" என்றார் மருத்துவர். ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற சொல் வீட்டார் காதில் விழுந்தது. கட்டாயம் என்ற சொல் விழவில்லை. திரும்பும் வழியில், "ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார், இன்னும் ஒரு நாள் கூலி போக வேண்டுமா?" என்று கணவர் கேட்டார். அவரை நாம் குறை கூறோம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் உணவு. இருப்பினும் அடுத்த வாரமும் போனோம். அதற்கடுத்த வாரமும் போனோம். மூன்றாம் முறை மருத்துவர் நிமிர்ந்து, "நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் லேசர் செய்தாக வேண்டும்" என்றார்.

அச்சிகிச்சையின் தத்துவம் எளியது. இரத்தம் சேராமல் கூவிக்கொண்டிருக்கும் ஓரப்பகுதியில், நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய புள்ளிகளாக லேசர் ஒளியைச் செலுத்தி அப்பகுதியை அடக்கிவிடுகின்றனர். கூவல் நின்றால் தாறுமாறான குழாய்கள் ஒடுங்கும். ஓரத்துப் பார்வையிற் சிறிது குறையலாம். முகம் அறியவும் எழுத்து வாசிக்கவும் வேண்டிய நடுப்பகுதி காக்கப்படும். காட்டோரத்து நாலு வரிசையை விட்டுக்கொடுத்த அவ்வுழவரின் நினைவு நமக்கு வந்தது. சில பிள்ளைகளுக்கு லேசருக்கு மாற்றாகக் கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்துவதும் இன்று உண்டு. ஆயின் ஊசிக்குப் பின் நோய் பல வாரங்கள் கழித்துத் திரும்பக்கூடும் ஆதலின், அப்பிள்ளைகளை இன்னும் நெடுநாள் கண்காணிக்க வேண்டும்.

ஒரு நோயின் வரலாறு

இந்நோய் மனிதரின் நல்லெண்ணத்திலிருந்து பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. 1942 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தியோடர் டெரி என்ற கண் மருத்துவர் இதனை முதன்முதலாக விவரித்தார். குறைமாதப் பிள்ளைகளைப் பிழைக்கவைக்கும் ஆர்வத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் அளவின்றிப் பிராணவாயுவைச் செலுத்திய காலம் அது. 1951 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரப் பெண் மருத்துவர் கேட் கேம்பெல், மிகுதியான பிராணவாயுவே காரணமாகலாம் என்று எடுத்துரைத்தார். சில ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் பார்வை இழந்தனர் என மதிப்பிடுவர். 1950 இல் குறைமாதத்தில் பிறந்த புகழ்பெற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களுள் ஒருவர். பிராணவாயுவும் ஒரு மருந்து. மருந்துக்கு அளவு உண்டு என்பதே அத்தலைமுறை கற்ற பாடம்.

இன்று அந்நோய் நம் வாசலுக்கு வந்துள்ளது. 2020 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 30 இலட்சம் குறைமாதப் பிள்ளைகள் பிறந்தனர். உலகில் இதுவே மிகுதி. முன்பு இறந்திருக்கக்கூடிய பிள்ளைகள் மாவட்ட நகரங்களிலும் இன்று பிழைக்கின்றனர். இது பெருமகிழ்ச்சி. ஆயின் பிராணவாயுவின் அளவைக் காக்கும் கவனமும், கண்ணை நோக்கும் மருத்துவரும் அதே வேகத்தில் எல்லா இடங்களுக்கும் வந்து சேரவில்லை.

இக்குறையை நிரப்ப நம் அண்டை மாநிலத்தில் ஒரு நல்முயற்சி நடந்து வருகின்றது. பெங்களூரு நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனையின் மருத்துவர் ஆனந்த் வினேகர் 2008 இல் 'கிட்ராப்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற பணியாளர்கள் விழித்திரையைப் படமெடுக்கும் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கர்நாடக மாவட்டங்களின் மருத்துவமனைகளுக்குக் குறித்த நாளில் செல்வர். படங்களை இணையம் வழியே வல்லுநருக்கு அனுப்புவர். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என மூன்று குறிகளால் பிள்ளைகளைப் பிரிப்பர்; சிவப்புக்கு உடனடிக் கவனம். பிள்ளை நகரத்துக்கு அலையாமல் மருத்துவமே பிள்ளையைத் தேடிச் செல்லும் முறை இது. நம் மாநிலத்திலும் சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை, கோவை அரவிந்த் கண் மருத்துவமனைகள் முதலியன இச்சிகிச்சையில் தேர்ந்தவை.

காத்த கண் எப்படிப் பார்க்கும்?

"லேசர் செய்தால் பார்வை முழுதும் வருமா, சாமி?" என்று பாட்டியார் கேட்டார். இதற்கு விடை ஒரே சொல்லில் இல்லை. 1988 இல் முடிவு வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, விழித்திரை ஓரத்தை உறையவைத்துச் செய்த பழைய சிகிச்சையைப் பற்றியது. அப்பிள்ளைகளைப் பத்து வயதில் சோதித்தபோது, சிகிச்சை பெறாத கண்களில் நூற்றுக்கு 62 கண்களில் பார்வை மிக மோசமாக இருந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 44 கண்களில் அவ்வாறு இருந்தது. 2003 இல் வெளியான மற்றோர் ஆய்வு, லேசரை இன்னும் முன்னதாகவே செய்தால் நன்மை கூடும் எனக் காட்டியது: விழித்திரை கெட்டுப்போன கண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 இலிருந்து 9 ஆகக் குறைந்தன. உரிய காலத்தில் செய்தால் பெரும்பாலான கண்கள் காக்கப்படும் என்பதே இதன் பொருள்.

ஆயின் காத்த கண் பிறரின் கண் போன்றதன்று. முன்னர்ச் சொன்ன 2003 ஆம் ஆண்டு ஆய்விலேயே, சிகிச்சை பெற்ற கண்களில் பத்தில் ஏழு பள்ளிப் பருவத்துக்குள் கிட்டப்பார்வை உடையனவாயின. மாறுகண் வரலாம். ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், மூளை மங்கலான கண்ணைப் புறக்கணித்துவிடும். இதனைச் சோம்பேறிக் கண் என்பர். சிறு வயதிலேயே கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிப் பழக்கினால் இது திருந்தும். பிள்ளை வளர்ந்தபின் திருத்துவது கடினம். வளர்ந்த பின்னரும் அரிதாக விழித்திரை பெயரக்கூடும். ஆதலின் லேசர் முடிந்தது என்பது நோய் முடிந்தது என்று ஆகாது. மருத்துவர் 'இனி வர வேண்டாம்' என்று சொல்லும் வரை அச்சாலையில் பயணம் முடிவதில்லை.

இதற்குச் சாட்சியாக நம் பங்கில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதையும் பின்னர் அறிந்தோம். தடித்த கண்ணாடி அணிந்திருக்கும் அவளுக்கு ஆறாம் வாரத்தில் லேசர் செய்ததாம். அவள் ஆலயத்தில் முதல் வரிசையில் அமர்வதைக் கண்டு, முந்திக்கொள்ளும் பிள்ளை என்று நாம் தவறாக எண்ணியிருந்தோம்! சென்ற பெரிய வெள்ளிக்குப் பின் வந்த ஞாயிறன்று அவளை வாசகம் வாசிக்கச் செய்தோம். புத்தகத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் தவறாமல் வாசித்தாள்.

சொல்வதும் ஒரு கடமை

பயணம் ஏன் பாதியில் நிற்கின்றது? காரணங்கள் நம் வழக்கங்களிலேயே உள்ளன. தாய் பிள்ளையோடு தாய்வீடு செல்வார். சீட்டு புகுந்த வீட்டுப் பெட்டியிலிருக்கும். மருத்துவமனையில் கொடுத்த தொலைபேசி எண் தந்தையின் எண்ணாக இருக்கும். அவரோ இரவுப் பணியில் இருப்பார். நாற்பது நாள் வரை குழந்தையை வெளியே எடுக்கலாகாது என்று முதியோர் தடுப்பர். வடநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களோ பிள்ளை தேறியவுடன் ஊர் திரும்பிவிடும். தீய எண்ணம் எங்கும் இல்லை. நாட்கள் மட்டும் கடந்துபோகும்.

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையோடு பிறந்த ஒரு பெண் குழந்தை இந்நோயால் பார்வை இழந்தது. கண் பரிசோதனை வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. அதன் தந்தை பல்லாண்டு வழக்காடினார். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அத்தொகையால் பார்வை திரும்பவில்லை. ஆயினும் உரிய நாளில் பெற்றோருக்கு ஒரு சொல் சொல்லாமல் விடுவது எத்தகைய குற்றம் என்பதை நாடறியச் செய்த தீர்ப்பு அது.

நீதிமன்றம் மருத்துவருக்குச் சொன்னதை நாம் நமக்கும் சொல்லிக்கொள்கின்றோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ குறைமாதப் பிள்ளை பிறந்தால், எடையைக் கேட்கும் அதே மூச்சில் 'கண் பார்த்தாயிற்றா?' என்று கேளுங்கள். பிறந்த நாளிலிருந்து எண்ணி, முப்பதாம் நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள். தாய்வீடு செல்லும் தாயின் கையில் சீட்டைக் கொடுத்தனுப்புங்கள். அவ்வூருக்கு அருகிலுள்ள கண் மருத்துவமனையை முன்பே விசாரித்து வையுங்கள். பயணச் செலவுக்குத் தயங்கும் குடும்பத்தை அன்பியக் கூட்டத்தில் நினைவுகூருங்கள். நம் பங்கில் இப்பொழுது திருமுழுக்குப் பதிவுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் பிள்ளை எந்த மாதத்தில் பிறந்தது என்று கேட்கின்றோம். அக்கேள்விக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை; ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கின்றோம்.

டிசம்பரில் பிறந்த அப்பிள்ளைக்கு ஓராண்டு நிறைவதற்குள் பதினொரு முறை அச்சாலையில் சென்று வந்தனர். அவற்றுள் நாம் உடன் சென்றவை நான்கே. ஏனையவற்றுக்கு அன்பியத்தார் முறை வைத்துத் துணை சென்றனர். கடைசிப் பயணத்தில் இரு கண்களிலும் விழித்திரை நிலைத்துவிட்டது என்றும், கிட்டப்பார்வை உள்ளது என்றும் மருத்துவர் கூறி, காதில் மாட்டும் நாடா வைத்த சிறு கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் வர வேண்டும்.

திரும்பும்போது உத்தனப்பள்ளிக் கூட்டுரோட்டில் தேநீர் அருந்த இறங்கினோம். சாலைக்கு அப்பால் தக்காளிப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தனர். பாட்டியாரின் தோளில் இருந்த பிள்ளை, புதுக் கண்ணாடியோடு அச்சிவப்பையே நோக்கிக் கையை நீட்டியது. பாட்டியார் அதனைக் கவனிக்கவில்லை. அவர் கைப்பையைத் திறந்து, அடுத்த சீட்டு பத்திரமாக இருக்கின்றதா என்று இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.